அப்டைம் குமா: இரண்டு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு

சின்ன ஊரில் நான்கைந்து லினக்ஸ் சர்வர்களைத் தனியாளாகக் கவனித்துக்கொள்கிறவர், கண்காணிப்புக்கு எதைப் போடலாம் என்று என்னிடம் கேட்டால், சர்வர் நின்றால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் அப்டைம் குமாவைப் போடுங்கள், ஆனால் சர்வர் இருக்கும் அதே கட்டடத்தில் மட்டும் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் முதலில் அதே கட்டடத்தில்தான் வைத்தேன். அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் போல வரும். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரம், இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை. என் பொறுப்பில் நான்கு சர்வர்கள் இருக்கின்றன: செம்பனைக் குலை வாங்கும் ஒரு ரேம்ப்பில் எடைச்சீட்டு போடுவது, ஒரு டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு, ஒரு கோயிலின் பால்குடப் பதிவுப் பக்கம், ஒரு கிளினிக்கில் வரிசை எண் கொடுப்பது. எல்லாம் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள்தான். ரேம்ப்பிலும் கிளினிக்கிலும் இருப்பவை மேசைக்கடியில் கிடக்கும் பெட்டிகள், மற்ற இரண்டும் வி.பி.எஸ்., அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஓர் அணியே உட்கார்ந்திருக்கும், இங்கே என் கைப்பேசி மட்டும்தான்.

நான்கில் ரேம்ப் சர்வர்தான் எனக்குப் பயம் தருவது. குலையை வெட்டிய பிறகு 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் ஏறித் தரம் விழும். காலை ஏழு மணிக்கே லோரிகள் வரிசை பிடித்துவிடும். எடைச்சீட்டு வரவில்லை என்றால் லோரி நகராது, லோரி நகராவிட்டால் வெட்டு ஆட்களுக்கு அன்றைய கணக்கு முடியாது. ஒரு சர்வர் நின்றால் எத்தனை பேருடைய நாள் கெடும் என்பதை அந்த வரிசையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், நவம்பரில், ஒரு மத்தியானம் இடி மின்னலோடு மழை. கரண்டு போய்விட்டது. யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கியது, அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. குமாவை அந்த ரேம்ப் சர்வரிலேயே டாக்கரில் (மென்பொருளைத் தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) ஓட்டிக்கொண்டிருந்தேன், அதனால் சர்வரும் போனது, அது போனதைச் சொல்ல வேண்டியதும் கூடவே போனது. என் கைப்பேசிக்கு ஒரு செய்தியும் வரவில்லை. செய்தி வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிப் பழகியிருந்தேன், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். கரண்டு திரும்பி வந்தும் பெட்டி தானாக எழவில்லை, ஏனென்றால் பெட்டியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் அதை மாற்றி வைத்திருக்கவில்லை. மறுநாள் காலை 7.10-க்கு ரேம்ப்பில் கணக்கெழுதும் கிராணி அக்கா கூப்பிட்டார்: “தம்பி, திரையில ஒண்ணுமே வரல, வெளியே ஒன்பது லோரி நிக்குது.” நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கையால் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார், அன்று முழுக்க நானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றினேன்.

அந்த வாரமே குமாவை வெளியே, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சின்ன வி.பி.எஸ்.ஸுக்கு மாற்றினேன். மாதம் 25 ரிங்கிட் ஆகிறது. இந்த மென்பொருளுக்காக நான் செலவழிக்கும் ஒரே பணம் அதுதான்.

இனி மென்பொருளைப் பற்றி. லூயிஸ் லாம் என்பவர் 2021-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது, எம்.ஐ.டி. உரிமத்தில் வருகிறது, நோட் ஜே.எஸ்.ஸில் எழுதப்பட்டது. குமா என்றால் ஜப்பானிய மொழியில் கரடி. டாக்கர் தெரிந்தவருக்கு நிறுவுவது ஒரே ஒரு கட்டளை. பிரவுசரில் 3001 போர்ட்டை, அதாவது சர்வரின் அந்த எண்ணுள்ள வாசலைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கும், அவ்வளவுதான், நேராக வேலையை ஆரம்பிக்கலாம். இணையப் பக்கம் திறக்கிறதா, டிசிபி போர்ட் பதில் சொல்கிறதா, பிங் என்ற சின்ன அழைப்புக்குப் பதில் வருகிறதா, இணையப் பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ். சரியா, டாக்கர் கன்டெய்னர் ஓடுகிறதா என்று பல வகையில் சோதிக்கத் தெரியும். இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை, வேண்டுமானால் இடைவெளியைக் குறைக்கலாம். டெலிகிராம், மின்னஞ்சல் என்று ஏகப்பட்ட வழியில் செய்தி அனுப்பும். நான் டெலிகிராம் மட்டும் வைத்திருக்கிறேன்.

எனக்கு இதில் உயிர்நாடியாக இருப்பது புஷ் என்ற வகை. மற்ற எல்லா வகையிலும் குமா போய்ச் சர்வரின் கதவைத் தட்டும். ரேம்ப்பில் இருக்கும் இணைய இணைப்புக்கு நிலையான ஐபி முகவரி கிடையாது, ரூட்டரில் போர்ட் திறந்துவிடவும் எனக்கு விருப்பமில்லை. புஷ்ஷில் தலைகீழ்: குமா ஒரு முகவரியைக் கொடுக்கும், சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான் வழியாக, இணைய முகவரியைத் திறக்கும் கர்ல் கட்டளையால் அதைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று குமா எடுத்துக்கொள்ளும். கரண்டு போனாலும் சரி, லைன் போனாலும் சரி, கர்னல் உறைந்துபோனாலும் சரி, சத்தம் நின்றதே செய்தியாகிவிடுகிறது. தோட்டப்புற ஊர்களில் சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் போடாவிட்டாலும் இதை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.

புஷ் முகவரியின் கடைசியில் பிங் என்று ஒரு காலி இடம் விட்டிருப்பார்கள். பலர் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அங்கே ஓர் எண்ணை வைத்து அனுப்பினால் குமா அதை வரைபடமாகப் போட்டுக் காட்டும். எடைச்சீட்டுப் பக்கம் அந்தப் பெட்டிக்குள்ளேயே திறக்க எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று அளந்து அந்த எண்ணை அனுப்புகிறேன். ஆறு வரி ஷெல் ஸ்கிரிப்ட்தான். அதோடு நிற்காமல், டிஸ்க் 85 விழுக்காட்டைத் தாண்டினால் புஷ் அனுப்பவே கூடாது என்றும் அதில் எழுதிவைத்திருக்கிறேன்.

இரண்டாவதாக எனக்குப் பிடித்தது சொல் தேடும் சோதனை. பக்கம் 200 என்று (எல்லாம் சரி என்பதற்கான நிலைக்குறி) பதில் சொன்னால் மட்டும் போதாது, பக்கத்துக்குள் இந்தச் சொல் இருக்க வேண்டும் என்று சொல்லிவைக்கலாம். தமிழ்ச் சொல்லையும் தடையில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. டியூஷன் சென்டர் பக்கத்துக்கு ‘வருகைப் பதிவு’ என்று கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை டெலிகிராமில் சிவப்புச் செய்தி வந்தது: பக்கம் வருகிறது, சொல் இல்லை. திறந்து பார்த்தால் வெள்ளைத் திரையில் ஒரு பிழை வரி, ஆனால் நிலைக்குறி 200. உள்ளே போய் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை போட்டேன், டிஸ்க் 40 விழுக்காடுதான் நிரம்பியிருந்தது. கோப்பு ஒன்றை உருவாக்கப் பார்த்தால் இடமில்லை என்கிறது. பத்து நிமிடம் விழித்த பிறகுதான் ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் வேண்டிய பதிவிடம், ஞாபகம் வந்தது. டிஎஃப் கட்டளையோடு மைனஸ் ஐ சேர்த்துப் போட்டேன்: 100 விழுக்காடு.

இது பலருக்கும் நடக்கும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். இஎக்ஸ்டி4 வகை டிஸ்க்கில் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்ற எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும், இயல்பான கணக்கு 16 கேபிக்கு ஓர் ஐநோடு. அந்தச் சர்வரில் மாறிக்கொண்டே இருக்கும் கோப்புகளுக்கான வார் (/var) பகுதி தனியாக 8 ஜிபி, ஆக மொத்தம் 524,288 கோப்புகள்தான். ஒவ்வொரு வருகையாளரையும் நினைவில் வைக்கும் பி.எச்.பி. செஷன் கோப்புகளை அந்தச் செயலி தனக்கென்று ஒரு கோப்புறையில் போட்டுக்கொண்டிருந்தது, டெபியன் தானாகத் துடைப்பது இயல்பான கோப்புறையை மட்டும். குமா நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறக்கிறது, குக்கி எதையும் வைத்துக்கொள்வதில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு புது செஷன் கோப்பு. நாளுக்கு 1,440. வருடத்துக்கு 525,600. கண்காணிப்பு மட்டுமே ஒரே வருடத்தில் அந்தப் பகுதியை நிரப்பப் போதும், இணையத்தில் தானாக அலையும் பாட் நிரல்களும் சேர்ந்ததால் எட்டே மாதத்தில் நிரம்பிவிட்டது. இப்போது செஷன் எதையும் தொடங்காத, டேட்டாபேஸை ஒருமுறை தொட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் அச்சிடும் தனிப் பக்கம் எழுதி, குமாவுக்கு அதைக் காட்டியிருக்கிறேன். நீங்களும் சோதிக்கும் பக்கம் எது என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

தேவையில்லாத சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மாதம் மழை பெய்தாலே டெலிகிராம் கத்தும். லைன் முப்பது விநாடி போகும், வரும், மறுபடி போகும். ஒரு மாலையில் 22 செய்திகள் வந்தன, அதற்குப் பிறகு நானே அந்தக் குழுவின் ஒலியை அணைத்து வைத்துவிட்டேன். எதைப் பார்த்தும் எழாத பழக்கத்தை அலர்ட்டே நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் அதை வைத்திருந்து என்ன பயன்? மறுமுயற்சி எண்ணிக்கையை 3 ஆக்கினேன், அதாவது தொடர்ந்து தவறினால்தான் கூப்பிட வேண்டும். கோயில் பக்கத்துக்குச் சாதாரண நாளில் 5, தைப்பூசத்துக்கு முந்தின இரண்டு வாரம் 1. பராமரிப்பு நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியும் இருக்கிறது, ஞாயிறு பின்னிரவு அப்டேட் போடும்போது அது அமைதியாக இருந்துவிடும். இப்போது மாதத்துக்கு நான்கைந்து செய்திகள் வந்தால் அதிகம், ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்காருகிறேன்.

இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியையும் கவனிக்கிறது: 21, 14, 7 நாள் இருக்கும்போது செய்தி வரும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் தன் நினைவூட்டல் மின்னஞ்சல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது, அதை நம்பியிருந்தவர்கள் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை பெரியது: சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் குமாவுக்குத் தெரியும், எப்படி மூச்சு விடுகிறது என்று தெரியாது. போன ஜூலையில் ரேம்ப் சர்வர் எல்லாச் சோதனையிலும் பச்சை. ஆனால் நான் அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பிங் எண் 80 மில்லிவிநாடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறி மூன்று விநாடியைத் தொட்டது. கிராணி அக்காவும் “இப்பல்லாம் சீட்டு வர ஒரு மூச்சு விட்டு வருது” என்றார். ஏன் என்று குமாவிடம் கேட்டால் பதில் இல்லை.

அதற்கு நான் வைத்திருப்பது நெட்டேட்டா. இதுவும் இலவசமாகக் கிடைப்பது, விநாடிக்கு விநாடி அளக்கும். 19999 போர்ட்டில் வரும், அந்தப் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள். நான் வயர்கார்டு என்ற வி.பி.என். வழியாக மட்டும் போய்ப் பார்க்கிறேன். அன்றைக்குத் திறந்ததும் கண்ணில் பட்டது: நான்கு கோர் உள்ள பெட்டியில் லோட், அதாவது ஓடிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, 14. ஆனால் சி.பி.யு. வரைபடத்தில் நிரல்கள் எடுத்துக்கொண்டது 5 விழுக்காடுதான், மீதியில் பெரும்பங்கு ஐஓவெயிட், அதாவது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம். லினக்ஸில் லோட் எண் சி.பி.யு.வுக்காகக் காத்திருப்பவற்றை மட்டும் சொல்வதில்லை, டிஸ்க் போன்றவற்றுக்காக அசையாமல் காத்திருப்பவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது, 1993-இலிருந்தே அப்படித்தான். லோட் ஏறியதும் புதுப் பிராசசர் வாங்கச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் எவ்வளவோ பணம் மிச்சமாகும். டிஸ்க் தன் உடல்நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலை எடுத்துப் பார்த்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் திங்கட்கிழமை 8, வியாழக்கிழமை 56. அன்று மாலையே ஈப்போவுக்குப் போய் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கி வந்து, லோரிகள் எல்லாம் போன பிறகு இரவோடு இரவாக மாற்றினேன். மறுநாள் பிங் எண் 30.

மெமரி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டியூஷன் சென்டர் நடத்தும் டீச்சரிடம் யாரோ ஒருவர் மெமரிக் கணக்கைச் சொல்லும் ஃப்ரீ கட்டளையைக் காட்டி, பாருங்கள், 200 எம்பிதான் மிச்சம், ரேம் கூட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியில் கோப்புகளைத் தேக்கி வைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற கட்டம். அதில் 2.6 ஜிபி இருந்தது. டீச்சர் ரேம் வாங்கவில்லை.

நெட்டேட்டாவில் எனக்குப் பிடிக்காதது, திறந்ததும் அவர்களுடைய கிளவுட் கணக்கில் சேரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பது. 1 ஜிபி ரேம் உள்ள வி.பி.எஸ்.ஸில் அது எடுத்துக்கொள்ளும் இடமும் உறுத்துகிறது, அங்கெல்லாம் சிஸ்ஸ்டாட் என்ற சின்ன அளவீட்டுக் கருவியை மட்டும் போட்டு, பிறகு வேண்டும்போது சார் கட்டளையால் பழைய கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏன் ஸாபிக்ஸ் என்ற பெரிய கண்காணிப்பு மென்பொருளைப் போடவில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். போட்டுப் பார்த்தேன். லாட்வியாவில் பிறந்த மென்பொருள், இருபது வருடத்துக்கு மேல் அனுபவம், சர்வர் உயிரோடு இருக்கிறதா, எப்படி ஓடுகிறது என்ற இரண்டையும் ஒரே இடத்தில் காட்டிவிடும், நூறு சர்வர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பேன். நான்கு சர்வருக்கு அது ஒரு கிலோ அரிசி வாங்க லோரி பிடித்த மாதிரி. தனி டேட்டாபேஸ், ஏஜென்ட், டெம்ப்ளேட், டிரிகர் என்று கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் போனது. அளவுகளைச் சேகரிக்கும் ப்ரொமீதியஸும் அவற்றை வரைந்து காட்டும் கிராஃபனாவும் அருமையான ஜோடி, வரைபடங்களைப் பார்த்தாலே ஆசையாக இருக்கும், ஆனால் அந்த ஜோடியைப் பராமரிக்கவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், எனக்கு அது இல்லை.

குமாவின் மற்ற குறைகள். ஒரே ஒரு பயனர் கணக்குதான், உதவிக்கு ஒரு தம்பியைச் சேர்த்துக்கொண்டு பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம் என்றால் வழியில்லை. இயல்பாக ஒரே இடத்திலிருந்துதான் சோதிக்கும், அதனால் அந்த வி.பி.எஸ்.ஸின் லைன் தடுமாறினால் எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் செத்துவிட்டதாகச் சொல்லும், இதுவரை இரண்டு முறை அப்படிப் பதறியிருக்கிறேன். எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்பு டேட்டாபேஸில் எல்லாவற்றையும் எழுதும், அதை என்.எஃப்.எஸ். மாதிரி வலைப்பின்னல் டிஸ்க்கில் வைக்கக் கூடாது என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். இரண்டாம் பதிப்பு 2025 கடைசியில் வந்தது, அதற்குப் பதிலாக மரியாடிபி டேட்டாபேஸை வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. பழைய பதிப்பிலிருந்து மாறும்போது டேட்டாபேஸை மாற்றி எழுத நேரம் எடுக்கும். பொறுமை இழந்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள், மாற்றத் தொடங்கும் முன்பே கன்டெய்னரை நிறுத்தி டேட்டா கோப்புறையை அப்படியே நகல் எடுத்துவிடுங்கள்.

முதலாளிகளுக்குப் பிடித்தது நிலைப் பக்கம். பச்சைக் கோடுகள் வரிசையாக நிற்கும், கைப்பேசியில் திறந்து பார்க்கலாம். ரேம்ப் முதலாளி ஐயா முன்பெல்லாம் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் என்னைப் பார்த்தால்கூடச் “சிஸ்டம் ஓடுதாப்பா” என்பார், இப்போது அவரே பார்த்துக்கொள்கிறார். ஒரு மாதம் 99.2 விழுக்காடு என்று காட்டியது, நல்ல எண்தானே என்று சந்தோஷப்பட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 30 நாளில் 720 மணி நேரம், அதில் 0.8 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 5 மணி 45 நிமிடம். அது எந்த நேரத்தில் விழுந்தது என்பதுதான் கேள்வி. இரவு இரண்டு மணிக்கு விழுந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை, காலை ஏழுக்கு விழுந்தால் ரோட்டு வரைக்கும் லோரி நிற்கும். அந்தக் கணக்குக்குப் பிறகுதான் அவர் யு.பி.எஸ். பேட்டரியை மாற்றிக் கொடுத்தார், சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் வாங்கினார்.

குமாவையே யார் கவனிப்பது என்ற கேள்விக்கு, தைப்பிங்கில் மச்சான் வீட்டில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் இன்னொரு குமா போட்டிருக்கிறேன். அதன் ஒரே வேலை சிங்கப்பூர் குமாவைப் பார்ப்பது, சிங்கப்பூரில் இருப்பது புஷ் வழியாக இதைப் பார்க்கிறது.

போன வாரம் மறுபடி மத்தியானத்து மழை. 3.42-க்கு ரேம்ப் சிவப்பு என்று டெலிகிராம் சொன்னது. உடனே கிராணி அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. “பெட்டி எழுந்துக்கிட்டிருக்கு தம்பி, ரெண்டு நிமிஷம் பொறு” என்றார். 3.46-க்குப் பச்சை.